மிக்ஸி போடக் கூடாத நாளில் வெண்ணெய்

நாடெல்லாம் விளக்கெரியக் கரி வெட்டிக் கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு, நான் வெண்ணெயைக் கையால் கடைய வேண்டியதாயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சட்டம் போட்டவள் என் மனைவி. காரணம், கீழ்வீட்டுக்காரர்.

அவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. தன் மாமனார் பெயரில் இருக்கும் குவார்ட்டர்ஸில், எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கிறார். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். வாரத் தொடக்கத்தில் ஒரு ராத்திரி வேலையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாராம். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தூங்கினால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். கேட் பாஸ் போனால் வேலை போச்சு. அன்றிலிருந்து அவருடைய பகல் தூக்கம் எங்கள் பிளாக்குக்கே பொதுச் சொத்தாகிவிட்டது. குக்கரில் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்து, அரைவேக்காட்டுப் பருப்பைத் தின்றவன் நான்.

எனக்கு சனி, ஞாயிறு லீவு. அன்று சனிக்கிழமை. மனைவி குறிஞ்சிப்பாடிக்குத் தறிப் புடவை எடுக்கப் புறப்பட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உத்தரவு வந்தது.

"ரெண்டு டப்பா பாலாடை வெளிய எடுத்து வெச்சிருக்கேன். இன்னிக்குக் கடையலன்னா புளிச்சுப் போயிடும். மிக்ஸிய மட்டும் தொட்டுடாதீங்க. அந்தத் தம்பி தூங்கிக்கினு இருக்கும்."

"கையாலயா கடையணும்?"

"ஆபீஸ்ல பைல் தூக்கற கைதானே, ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

எருமைப் பாலில் பதினைந்து நாள் வழித்துச் சேர்த்த ஆடை அது. காபியில் போட ஒரு ஸ்பூன் கேட்டால்கூட என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். இப்போது கடைய ஆள் வேண்டும் என்றதும் டப்பாவோடு என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள்.

ஒரு டப்பாவை எவர்சில்வர் குண்டானில் கவிழ்த்து, மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். கால் மணி நேரம் நுரைதான் வந்தது. அரை மணி நேரத்தில் இட்லி மாவுபோல இறுகி, மத்து தானாக நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. பதினைந்து நாள் ஆடையைப் பாழாக்கிவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். எந்த இறுக்கத்தையும் இளக்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி சூடு. ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றினேன். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. உடனே மனைவிக்கு போன் போட்டேன்.

"கெட்டியாச்சுன்னா தெரளப் போவுதுன்னு அர்த்தம். அந்த நேரம் பாத்து வெந்நீர் ஊத்துவாங்களா யாராவது?" என்றாள். பஸ்ஸில் நான்கு பேராவது கேட்டிருப்பார்கள்.

"இப்ப என்ன பண்றது?"

"ஐஸ் கட்டியப் போட்டு, சில்லுனு இருக்கற எடமாப் பாத்து கடைஞ்சிக்கினே இருங்க. நிறுத்தாதீங்க."

எங்கள் வீட்டில் சில்லென்ற இடம் ஒன்றுதான், ஏசி இருக்கும் படுக்கையறை. குண்டானைத் தரையில் வைத்து, இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்து, மத்தை உருட்டினேன், உருட்டினேன், உருட்டிக்கொண்டே இருந்தேன். அப்படியும் குண்டான் மொசைக் தரையில் கடகடவென்று சுழன்றது. தோள்பட்டை கழன்றாலும் மிக்ஸியைத் தொடவில்லை என்ற பெருமிதம் வேறு.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கதவு தட்டப்பட்டது. திறந்தால் கீழ்வீட்டுக்காரர், ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு நிற்கிறார்.

"அண்ணே, மேல இன்னா ஓடிக்கினு இருக்கு?"

"வெண்ணெய் கடையறேன் தம்பி. நீங்க தூங்கணும்னுதான் மிக்ஸியே போடல."

"மிக்ஸின்னா அஞ்சு நிமிஷத்துல நின்னுடும்ணே. இது ஒரு மணி நேரமா என் தல மாட்டுக்கு நேரா உருளுது. சீலிங்குதான் பேந்து வுழப் போவுதுன்னு ஓடியாந்தேன்."

அவருடைய கட்டில் என் ஏசிக்கு நேர் கீழே என்பது அப்போதுதான் உறைத்தது. கேட் பாஸ், அவர் மனைவி, அவர் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்தார்கள். "இங்கயே படுத்துடுங்க தம்பி, ஏசி ஓடுது, நான் வெளிய போயிடறேன்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

அவர் குண்டானை எட்டிப் பார்த்தார். "இதான் எப்பவோ தெரண்டு போச்சேண்ணே. இன்னும் எதுக்குக் கடையறீங்க?"

"நிறுத்தாதீங்கன்னு சொன்னாங்க."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் பாய் விரித்ததும் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. கடைந்தவன் நான், ஏசியில் படுத்தவர் அவர். நானோ வாசலில் காவல். மீன்காரர் ஹாரனை அமுக்க வந்தபோது ஓடிப்போய் அவர் கையையே பிடித்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மனைவி வந்தாள். நடந்ததைக் கிசுகிசுவென்று சொன்னேன். படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டாவது டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க?"

"கீழ் வூட்டுக்கு. அங்கதான் யாரும் தூங்கலியே."

சரியாக ஐந்து நிமிஷம். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்த உருண்டை என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது. என்னுடையதில் பாதி, வெந்நீரோடு போய்விட்டதாம். அதையும் என்னிடமே சொன்னாள்.

கீழ்வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு எழுந்து, காபி குடித்து, கீழே போய், ராத்திரி வேலைக்குக் கிளம்பினார். மறுநாள் விடிந்ததும் துண்டு காயப்போடுகிற சாக்கில் பால்கனியில் நின்றேன். ஏற்கெனவே காய்ந்த துண்டுதான். அவர் வண்டி வந்து நின்றது. கழுத்தில் கேட் பாஸ் தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தொங்கியது.

அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "நேத்து கண்ணே அசரலண்ணே. மேல வந்து படுத்துக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "வாங்க தம்பி. அவரு ஹால்ல இருந்துக்குவாரு."