கடலில் விழுந்தால் அவுட்

ஊரப்பாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கீழே பையன்கள் சண்டை போடுகிறார்கள். மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் பந்து விழுந்துவிட்டது. அவுட்டா, சிக்ஸரா என்று கத்துகிறார்கள். என்னால் பால்கனியில் உட்கார முடியவில்லை.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கு வடக்கே. பள்ளிக்கூட நாட்களில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரப்பர் பந்து. அதனால் கடலில் அடித்தால் அவுட். ஒரு சனிக்கிழமை, என் பெஞ்சில் உட்காரும் சேகர் திருப்போரூரிலிருந்து ஆட்களோடு ஆட வந்தான். டாஸ் ஜெயித்த நான் பேட்டிங் எடுத்தேன். சாயங்காலம் தண்ணீர் ஏறும் என்பது எனக்குத் தெரியும். நெல்வயல்காரனான அவனுக்குத் தெரியாது. நாங்கள் ஆடும்போது எங்கோ இருந்த கடல், அவர்கள் ஆடும்போது பிட்ச் ஓரத்துக்கு வந்துவிட்டது. தூக்கி அடித்தவனெல்லாம் அவுட்.

"இன்னா மச்சான், தண்ணி கிட்ட வந்துகினே கீது?" என்றான் சேகர்.

"கடலுன்னா அப்டித்தான்டா" என்றேன்.

மறுநாளும் வந்தான். டாஸ் ஜெயித்தான். ஈர மணலை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாங்கதான் ஃபர்ஸ்ட்டு பேட்டிங்" என்றான். ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டான்! எங்கள் முறை வந்தபோது தண்ணீர் ஏறியிருந்தது. நான் மட்டையோடு நின்று, "இனிமே கடல்ல வுயுந்தா சிக்ஸரு. எங்க கடலு, எங்க ரூலு" என்றேன்.

அவன் சண்டை போடவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை வேறு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அங்கிள், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க!" கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள்.

காது கேளாதவன் மாதிரி உள்ளே வந்து, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.