இறங்க மறுத்த தகடு

ஜெர்மனிக்கு வந்த எங்கள் ஆட்களில் கோப்பை கழுவாதவர் குறைவு. கழுவியதை ஒத்துக்கொள்பவர் அதைவிடக் குறைவு. "ரெஸ்ரோரண்டில நிண்டனான்" என்பார்கள். நின்றுகொண்டு என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. புவனேந்திரனும் அப்படிப் பல வருடம் நின்றவர்தான். முதலில் எசன் நகரில் ஒரு கிரேக்கனுடைய சாப்பாட்டுக் கடையில். பிறகு அங்கிருந்து சற்றுத் தள்ளி, சாவர்லாண்ட் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் முதியோர் இல்லச் சமையல்கட்டில். குளிர் தொடங்கினால் அவருடைய விரல்கள் பாளம் பாளமாக வெடிக்கும். கலியாண வீடுகளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த இல்லத்தின் ஹவுஸ்மைஸ்டருக்கு இடுப்பு ஒபரேஷன் நடந்து, அவர் வீட்டோடு இருந்துவிட்டார். ஹவுஸ்மைஸ்டர் என்றால் கட்டடத்தையே கட்டி மேய்ப்பவர். குழாய் ஒழுகினாலும் கதவு கிறீச்சிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலை புவனேந்திரனுக்குக் கிடைத்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதிய மனிதர். அதுவரை ஒரு ஆணியைக்கூட நேராக அடித்தவர் அல்ல. ஆனால் தேவை வந்தால் கழுதையும் பாட்டுப் படிக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு, பழகிவிட்டார்.

வேலையோடு ஒரு மெசினும் வந்தது. வாழ்நாளில் ஒரு தரமும் உழாத சின்ன உழவு மெசின். முன்னால் அகலமான இரும்புத் தகடு பூட்டியிருக்கும். குளிர்காலத்தில் பனியை, எங்கள் ஆட்கள் வாயில் சினோவை, தள்ளுவதற்கு அது. இல்லம் இருப்பது ஏற்றத்தின் உச்சியில். விடிந்ததும் பாதை துப்புரவாக இல்லாவிட்டால் டாக்டரின் காரும் ஏறாது, அம்புலன்ஸும் ஏறாது. ஆகவே புவனேந்திரன் ஏறினார். அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து அவர் வேறு மனிதர். வேலை உடுப்புக்குள்ளே ஸ்திரி போட்ட ஷேர்ட் போட்டார். ஓடி முடித்ததும் மெசினைக் கழுவித் துடைத்தார். எசனில் எந்தக் கலியாண வீட்டுக்கு, சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போனாலும் பேச்சை எப்படியோ வளைத்து மெசினில் கொண்டுவந்து நிறுத்துவார். அவருடைய மனைவி கமலநாயகியின் தம்பி ஞானசுந்தரம் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலையில் இருப்பவன், வாய்க்காரன். "அத்தான், பாவம், மெசினைத் தனிய விட்டிட்டு வந்திட்டியள். கையோட கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே" என்று சபை நடுவே கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். புவனேந்திரனும் சிரித்தார். கோப்பையைப் பற்றிக் கேட்காதவரையில் அவருக்கு எதுவும் பகிடிதான்.

இரண்டாயிரத்து ஐந்து நவம்பரில் மெசின் முனகத் தொடங்கியது. அந்தத் தகட்டைத் தூக்கி இறக்குவது ஒரு மின்சாரச் சிலிண்டர். கை நீளக் குழாய், அதன் ஒரு முனையில் சிறிய மோட்டர். இருக்கையருகே இருக்கும் சுவிட்சை, அந்த ஆளியை, முன்னால் தள்ளினால் உள்ளேயிருக்கும் தண்டு நீண்டு தகட்டை நிலத்துக்கு இறக்கும். பின்னால் இழுத்தால் தண்டு உள்ளே போய்த் தகடு எழும்பும். அது தேய்ந்துபோய், பாதி தூக்கிவிட்டு மூச்சு வாங்கியது. இல்லத்தின் நிர்வாகி ஹெர் கெஸ்லர் புதுச் சிலிண்டர் எடுத்துத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் கெஸ்லர் எதையும் சும்மா ஒப்புக்கொள்கிற ஆள் அல்ல.

"இதுதான் கடைசி" என்றார். "இன்னொரு தரம் மெசின் நின்றால் அதை விற்றுவிட்டுப் பனி தள்ளும் வேலையை வெளிக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவேன். சமையல்கட்டில் ஆள் போதாது. நீங்கள் அங்கே போகலாம்."

கத்திப் பேசியிருந்தால் பயமில்லை. மனிதர் கோப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னார்.

புதுச் சிலிண்டரைத் தானே பூட்டினார். தகடு பூப்போல எழும்பி இறங்கியது. டிசம்பர் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் மழை பெய்து, மறுநாள் கடுங்குளிர் பிடித்து, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டியது. விடியற்காலை புவனேந்திரன் மெசினை வெளியே எடுத்து ஆளியைத் தள்ளினார். சிலிண்டர் உறுமியது. தகடு இறங்கவில்லை. மறுபடி தள்ளினார். உறுமல் மட்டும்தான்.

தோட்ட வேலை பார்க்கும் உவேயையும் கூப்பிட்டு, இருவருமாக மண்வெட்டியால் வெட்டித் தள்ளினார்கள். ஏற்றத்தில் பாதிகூட முடியவில்லை. டாக்டரின் கார் கீழே நின்று ஹோர்ன் அடித்தது. கெஸ்லரும் காரைக் கீழே விட்டுவிட்டு, சப்பாத்து நனைய நடந்து ஏறி வந்தார். தூக்கிய தகட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"மத்தியானத்துக்குள் எனக்குப் பதில் வேண்டும். என்ன பிழை, ஏன் வந்தது?"

புவனேந்திரன் முதலில் ஃபியூசைப் பார்த்தார். நன்றாக இருந்தது. வயரில் துருவும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஆளியை விட்டுவிட்டு பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். அதே உறுமல். மோட்டர் உயிரோடு இருக்கிறது, தண்டைத்தான் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. ஆணிகளைக் கழற்றிச் சிலிண்டரைக் கையில் ஏந்திக்கொண்டு, கட்டடத்துக்குச் சூடேற்றும் கொதிகலன் அறைக்குப் போனார். வெப்பக் குழாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்பவரைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மெல்ல மெல்லச் சிலிண்டர் வேர்த்தது. பிறகு மின்சாரம் கொடுத்தார். தண்டு செருமிக்கொண்டு நகர்ந்தது. தூக்கிக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம். இந்தத் தண்ணீர்தான் உறைந்து தண்டைப் பிடித்திருக்கிறது. எப்படி உள்ளே போனது, ஏன் வெளியே வரவில்லை? சிலிண்டரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே மஞ்சளாக ஒரு வட்டம், அதன் நடுவில் சிவப்பு.

வைத்தவர் அவரேதான். புதுச் சிலிண்டர் வந்தபோது கமலநாயகி சந்தனமும் குங்குமமும் கொடுத்து விட்டிருந்தாள். புதுச் சாமான் எதுவும் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் பாவிக்கப்பட்டதில்லை. சலவை மெசினுக்கும் வைத்தவள். பொட்டு வைக்க இடம் தேடியபோது குழாயின் அடியில் ஒரு சின்னத் துளை அவர் கண்ணில் பட்டது. இவ்வளவு நுணுக்கமான ஜெர்மன்காரன் ஒரு துளையை அடைக்காமல் விட்டிருக்கிறானே, பனித்தண்ணீர் உள்ளே போய்விடுமே என்று அவர் மனம் பதறியது. வெள்ளம் வருமுன் அணை போட்டார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துத் துளைக்குள் அழுத்தி அடைத்து, மேலே குங்குமம் வைத்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சந்தோஷம் வேறு. அந்தத் துளை தண்ணீர் உள்ளே போவதற்கு அல்ல, உள்ளே கசிகிற ஈரம் வெளியே வடிவதற்கு என்பது இப்போதுதான் உறைத்தது.

ஊசியால் குத்தினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்து, பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. "விசரா" என்று தன்னைத்தானே திட்டினார். தமிழில் வேறு சிலதும் சொன்னார், கொதிகலனுக்கு விளங்கவில்லை.

பிறகு யோசித்தார். துளையைக் கழுவித் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மெசினில்தான் பிழை என்று சொல்லலாம். சொன்னால் கெஸ்லர் மெசினை விற்பார், இவர் சமையல்கட்டுக்குப் போவார். தன்னில் பிழை என்று சொன்னாலும் இவருக்கு அதே சமையல்கட்டுதான். தானாகச் சரிவந்துவிட்டது என்று சொல்லலாமா? ஜெர்மன்காரனிடம் அதைவிடக் கூடாத பதில் இல்லை. தானாகச் சரிவருவது தானாகக் கெட்டும்போகும் என்பது அவர்கள் கணக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோப்பைதான். ஆனால் ஒரு பக்கத்தில் மெசினாவது மிஞ்சும்.

கெஸ்லர் வந்ததும் சந்தனத்துகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ஈரம் வடிகிற துளையை நான்தான் அடைத்தேன். மெசினில் ஒரு பிழையும் இல்லை."

"ஏன் அடைத்தீர்கள்?"

"எங்கள் வழக்கத்தில் புதுச் சாமானுக்கு இது வைப்போம்."

கெஸ்லர் அந்தத் துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாங்களும் புதுக் கப்பலுக்குப் போத்தல் உடைப்போம்" என்றார். "வெளியே உடைப்போம்." பிறகு சிலிண்டரை நீட்டி மடக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மெசின் நிற்கட்டும். இந்தக் குளிருக்கு உவே ஓட்டட்டும். புவனேந்திரன் வசந்தம் வரை சமையல்கட்டில் நிற்கட்டும், பிறகு பார்க்கலாம்.

பின்னேரம் வீட்டில் கதையைக் கேட்ட கமலநாயகிக்குக் கோபம் தன்மேலா கணவன்மேலா என்று தெரியவில்லை.

"மெசினில பிழை எண்டு சொல்லியிருக்கலாமே?"

"மெசின் போனால் திரும்பி வராது. நான் போனால் எப்பவாவது திரும்பி ஏறலாம்."

"ஓம், வசந்தத்தில விழுற சினோவைத் தள்ள ஏறுங்கோ" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சமையல்கட்டில் இப்போது கோப்பை கழுவ மெசின் இருந்தது. பெரிய சட்டிகளைக் கையால்தான் தேய்க்க வேண்டும். கழுவும் தொட்டிக்கு நேரே யன்னல், யன்னலுக்கு நேரே ஏற்றம். உவே தகட்டை இறக்கிக்கொண்டு போவதும் உச்சியில் தூக்கித் திருப்புவதும் அங்கிருந்து தெரியும். அவன் மோசமாக ஓட்டியிருந்தாலாவது புவனேந்திரனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நன்றாகவே ஓட்டினான். விரல்கள் பழையபடி வெடித்தன.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலநாயகி எசனுக்குத் தம்பியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். "அத்தானோ? அவருக்கென்ன, மெசினோட மாரடிக்கிறார்" என்று சொல்வது புவனேந்திரனுக்குக் கேட்டது. சொல்லிவிட்டு இவர் முகத்தைப் பார்க்காமலே ரிசீவரை நீட்டினாள்.

"என்ன அத்தான், உங்கை சரியான சினோவாம்" என்றான் ஞானசுந்தரம். "வெள்ளன எழும்பி மெசின் ஓடுறியளோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். புவனேந்திரன் ரிசீவரைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார்.

"இல்லையடா தம்பி. நான் கோப்பை கழுவுறன்."

கமலநாயகி சட்டென்று திரும்பினாள்.

"பகிடியோ அத்தான்?"

"பகிடியில்லை. மெசினை வேறொருத்தன் ஓடுறான். பிழை என்னில."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, வாய்க்குள்ளேயே பேசுவதுபோல ஞானசுந்தரம் சொன்னான்:

"எங்கட ஃபாக்டரியை மூடிப்போட்டாங்கள் அத்தான். மார்கழியில இருந்து நானும் அதுதான் கழுவுறன். இஞ்சை வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அக்காட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

புவனேந்திரன் ரிசீவரைக் காதோடு இறுக்கி அழுத்திக்கொண்டார், ஒரு சொல்லும் வெளியே சிந்திவிடாதபடி.

"என்னவாம்?" என்று கேட்டாள் கமலநாயகி.

"அங்கையும் சினோவாம்" என்றார்.