ஒரே வெள்ளிக்கிழமையில் ஐந்து வீடு

என் அம்மா ஒரு வேலை முடியாமல் அடுத்த வேலையைத் தொடமாட்டார். வெங்காயம் வெட்டி முடியும்வரை தொலைபேசி அடித்துக்கொண்டே கிடக்கும். எனக்குக் கலியாணம் பேசியதும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு என் சாதகக் குறிப்பைக் கொடுத்தால் அந்த வீடு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லும்வரை இன்னொரு வீட்டை நினைத்தும் பார்க்கமாட்டார். அது மரியாதை இல்லையாம். மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்ல இரண்டு மாதம் எடுப்பார்கள். சிலர் பதில் சொல்லாமலேயே ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா அப்போதும் காத்திருப்பார். இப்படியே எட்டு வருடங்கள் போயின.

அந்த வருடம் ரொறன்ரோவில் தம்பியின் மனைவிக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. எனக்கு முதல் அவன் கலியாணம் முடித்துவிட்டதே அம்மாவுக்கு ஒரு குறை; ஆனாலும் முதல் பேரப்பிள்ளை. விசா வந்துவிட்டது. குளிருக்கான காலுறைகள்கூட வாங்கியாகிவிட்டது. விமான ரிக்கற் போடுவோமா என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"உன்ரை அலுவல் ஒரு முடிவுக்கு வராமல் நான் பிளேன் ஏறமாட்டன்."

"அம்மா, பிள்ளை பிறக்க இன்னும் ஆறு கிழமைதான் இருக்கு."

"அப்ப உன்னைக் கெதியா முடிக்கவேணும்."

தரகர் பொருத்தம் பார்த்து ஐந்து வீடுகளின் பட்டியலைப் படம், விவரங்களோடு தந்திருந்தார். வீட்டுக்கு இரண்டு மாதம் என்று வைத்தால் பத்து மாதம். அம்மா போய் இறங்கும்போது பேரப்பிள்ளை நடந்துவந்து பெட்டியைத் தூக்கும். எனக்குக் கலியாணத்தில் வெறுப்பும் இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் என் காரணமாக அம்மா அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் போவதை என்னால் தாங்க முடியாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

அதே நாட்களில்தான் அலுவலகத்திலும் எனக்கு இதே நோய். நான் பம்பலப்பிட்டியில் ஒரு சிறு நிறுவனத்தில் கணினி நிரல் எழுதுகிறவள். சுற்றுலாப் பயணிகளுக்கான ஓர் இணையத்தளம் எங்கள் பொறுப்பு. ஆள் தேதியைக் கொடுத்ததும், எங்கள் சேவையகத்தில் ஓடும் நிரல் ஒன்பது விடுதிகளின் தளங்களுக்குப் போய் அறை இருக்கிறதா என்று கேட்டுவர வேண்டும். நான் எழுதியிருந்த நிரல் முதல் விடுதியிடம் கேட்கும், பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், பிறகுதான் இரண்டாவதிடம் போகும். மலைப்பக்கத்து விடுதி ஒன்றின் தளம் நித்திரையிலிருந்து எழும்பிப் பதில் சொல்வதற்குள் மற்ற எட்டும் வரிசையில் காத்துக் கிடக்கும்.

"வெள்ளைக்காரன் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டான், உம்மடை பக்கம் இன்னும் வரேல்லை" என்றார் மேலாளர்.

திருத்தம் பெரிய வித்தை இல்லை. ஒன்பது கேள்விகளையும் ஒரேயடியாக அனுப்பிவிட வேண்டும். பிறகு எந்தப் பதில் முதலில் வருகிறதோ அதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து வினாடிக்குள் வராத பதிலை விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் மொத்தக் காத்திருப்பு ஒன்பது பேரின் தாமதத்தையும் கூட்டியதாக இருக்காது, எல்லாரிலும் மெதுவான ஒருவரின் தாமதமாக மட்டுமே இருக்கும். ஒரு புதன்கிழமை காலை மாற்றி எழுதி ஓடவிட்டேன். பக்கம் டக்கென்று வந்து விழுந்தது. மேலாளர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பெருமை தலைக்கேறியதுதான் பிழை. மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவின் ஐந்து வீடுகளுக்கும் ஒரு நிரல் எழுதினேன். குறுஞ்செய்தி அனுப்பித் தரும் சேவை ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. முதல் வீட்டுக்கு அனுப்பவென்று அம்மா முதல்நாள் சொல்லச் சொல்ல நான் தட்டிவைத்த செய்தியும் கையில் இருந்தது. அதை எடுத்தேன், விளிப்பை மட்டும் வீட்டுக்கு வீடு மாற்றினேன், ஐந்தையும் ஒன்றாக அனுப்பினேன். ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. ஐந்தும் போய்ச் சேர்ந்தன. எட்டு வருட வேலையை ஒரு வினாடியில் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

செய்தியில் இருந்தது இதுதான்: வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயிலுக்கு வருகிறோம், பெண்பிள்ளை பச்சைச் சீலையில் நிற்பார்.

கேள்விகளை ஒன்றாக அனுப்பத் தெரிந்த எனக்கு நேரத்தைப் பிரித்துக் கொடுக்கத் தோன்றவில்லை. யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. எங்கள் ஆட்கள் கோயிலில் பெண் பார்ப்பதை வாய்விட்டு உறுதிசெய்வதில்லை. சாமி கும்பிடப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டதுபோல இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சாமி மட்டும்தான் கும்பிட்டோம் என்று இரு பக்கமும் மானத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெள்ளவத்தைக் கோயிலில் வழமைக்கு மாறான பக்தி தெரிந்தது. மடிப்புக் கலையாத புது வேட்டியோடு ஓர் இளைஞன், அவன் தாய், தகப்பன். சரி, இவர்கள்தான் என்று நிலத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தால் தூணருகே இன்னொரு புது வேட்டி. பூசை நேரப் பலகையை மூன்றாவது குடும்பம் ஒன்று பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் பச்சைச் சீலையில் நின்ற ஒரு ரீச்சரை நாலாவது குடும்பம் மேலும் கீழும் அளந்தது. அந்த மனிசி சீலையில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று மூன்று தரம் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவது குடும்பம் ஒரு வான் வண்டியில் பன்னிரண்டு பேராக வந்து இறங்கியது. இவ்வளவு கூட்டத்தை எதிர்பாராத ஐயர் தேங்காய்க்கு ஆள் அனுப்பினார்.

நான் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு."

"என்ன?"

"அஞ்சு வீடும் வந்து நிக்கினம். நான்தான் எல்லாருக்கும் ஒண்டா அனுப்பினனான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கற்பூரம் தானாகப் பற்றியிருக்கும். "வாயை மூடிக்கொண்டு எனக்குப் பின்னால வா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. வெங்காயத்தையும் தொலைபேசியையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியாத அந்த மனிசி கோயிலின் உள்வீதியை ஒருமுறை சுற்றினார். பிள்ளையாரடியில் முதல் வீட்டைத் தற்செயலாகக் கண்டார். அவர்கள் கண்ணை மூடிக் கும்பிடும் நேரத்தில் தூணைத் தாண்டி இரண்டாவது வீட்டிடம் சுகம் விசாரித்தார். முருகனடியில் மூன்றாவது, வைரவரடியில் நாலாவது. வான் குடும்பத்தைத் திருநீறு வாங்கும் வரிசையிலேயே கதைத்து முடித்தார். யார் எஞ்சினியர், யார் வங்கியில், யாருடைய தாய்க்கு முழங்கால் நோ என்பதில் ஒரு வார்த்தை மாறி விழவில்லை. ஒரு வீடு வந்தது மற்ற வீட்டுக்குத் தெரியாது. நான் ஐந்து இடத்திலும் ஒரே சிரிப்பைச் சிரித்தேன். என்னுடைய நிரல் இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் ஓடியதில்லை.

ஓட்டோவில் ஏறியதும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். காலிக்குப் போகும் பெருவீதிக்கு வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"உன்ரை ஒஃபிசிலையும் உப்பிடித்தானோ செய்யிறனி? எல்லாரிட்டையும் ஒண்டாக் கேக்கிறது?"

"ஓம் அம்மா."

"கேட்டுப்போட்டு, பதில் வருமட்டும் அது என்ன செய்யும்?"

"வேற வேலையிருந்தால் அதைப் பாக்கலாம். பதில் வரேக்கை எடுக்கலாம்."

அம்மா மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டில் பூவைக் கொஞ்சநேரம் தடவினார். "அஞ்சு பேரும் யோசிச்சுச் சொல்லுறம் எண்டினம். நான் கேட்டாச்சு. இனி நான் வேற வேலையைப் பாக்கிறன். ரிக்கற்றைப் போடு."

பிள்ளை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் அம்மா போய்ச் சேர்ந்தார். விமான நிலையத்தில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியில் எனக்கென்று வைத்துவிட்டுப்போன பருப்பைக் கண்டதும்தான் அழுதேன். ஒரு மாதத்துக்குள் மூன்று வீடுகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஒவ்வொன்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பெருமூச்சுவிட்டு, மற்ற வீடு என்னமாதிரி என்று கேட்டார்.

பிறகு ஒரு காலை அம்மா வீடியோவில் வந்தார். தோளில் பேரன். அவன் பால் கக்கியது, ஏவறை விட்டது, தம்பியைப்போல மூக்கைச் சுருக்கியது என்று அரைமணி நேரம் சொன்னார். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். என் அலுவலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எட்டு வருடத்தில் முதல் தடவை.

நான் இதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்க மனம் வரவில்லை; மற்ற வீடு என்னமாதிரி என்று அம்மா ஒருதரம் கேட்டிருக்கலாம் போலிருந்தது. திரும்ப நானே அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா. நாலாவது வீடும் வேண்டாமெண்டிட்டினம். சொல்ல மறந்துபோனன்."