வீட்ல போட்ட திரி

ஸ்டவ்வுக்குத் திரி மாற்றத் தெரியாதவள் என்று ஆரணியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரைச் சுமந்தேன். சுமக்க வைத்தவர் என் வீட்டுக்காரர். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம்தான் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி தேவிகாபுரத்திலிருந்து இங்கே வந்தேன். எங்கள் வீட்டில் நிலம், இவர்கள் வீட்டில் தறி. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் கதவில்லாத ஒரு சந்துதான் சமையலறை. வந்த மறுநாளே மாமியார் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். களை பிடுங்கிக் காய்த்துப்போன கை.

"சொரசொரன்னு இருக்குது. பட்டு இழுத்துக்கும். நீ தறி பக்கம் வராத, அடுப்பப் பாத்துக்க, போதும்" என்றார்.

வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். விரலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் பட்டிழை மாட்டிக்கொண்டு பிசிறு கிளம்பிவிடும். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஒரு பட்டிழையைக் கையால் தொட்டதில்லை. கீழே கிடந்ததைக்கூட விளக்குமாற்றால்தான் தள்ளுவேன். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு என்றால் பத்துத் திரி ஸ்டவ். அதை என்னைப்போல் பார்த்துக்கொண்டவர் தெருவிலேயே கிடையாது. இப்படிச் சொல்வது தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். திரி தேய்ந்தால் பழசைக் கம்பியால் உருவி எடுத்து, குழாயில் ஒட்டிய கரியைத் துடைத்து, புதுத் திரியை ஒவ்வொன்றாகக் கோத்து, கிருஷ்ணாயிலில் நன்றாக ஊறவிட வேண்டும். பிறகு தலையைக் கத்தரித்துப் பத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று மட்டும் தலை தூக்கினாலும் சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடிக்கும். நான் வைத்தால் நீலமாக எரியும். பால் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தால் விரலில் ஒன்றும் ஒட்டாது.

ஒரு ஐப்பசியில் பத்துத் திரியும் தேய்ந்து குழாய்க்குள் இறங்கிவிட்டன. "கடைத்தெரு பக்கம் போனா ஒரு கட்டு திரி வாங்கிகினு வாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் தினமும் சொன்னேன். தினமும் தலையாட்டினார். தினமும் வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். ஒருநாள் காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. திரி வந்தால்தான் இனிமேல் காபி என்று சொல்லிவிட்டேன்.

"நூலுக்கா பஞ்சம் இந்த வீட்ல?" என்று எழுந்தார். சுவரில் தொங்கிய கழிவுப் பட்டுப் பையை இறக்கினார்.

"பட்டு கருகுங்க. பஞ்சுத் திரிதான் வேணும்."

"கிருஷ்ணாயில்ல ஊறிட்டா எல்லாம் ஒண்ணுதான். நூலப் பத்தி எனக்கே சொல்றியா நீ?"

இதைச் சொன்னது யார்? புடவை பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு இழையைக் கொளுத்தி, "மோந்து பாருங்க, முடி கருகற வாசனை வருதா, அதான் அசல் பட்டு" என்று காட்டுகிற அதே மனுஷர். ஊருக்கெல்லாம் செய்துகாட்டுகிற சோதனை தன் வீட்டு ஸ்டவ்வுக்குப் பொருந்தாது என்று நினைத்துவிட்டார்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். போயிருக்கவே கூடாது. குழாயடியில் வரிசை நீளம். திரும்பி வந்தபோது அவர் எதிர்வீட்டுக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டித் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டில் பத்துத் திரி திரித்துப் போட்டு, பற்றவைத்து, பாலையும் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்குள் கால் வைத்தால் முடி பொசுங்கும் நாற்றம். திரிகள் ஆளுக்கொரு உயரத்தில் நின்று கருகிக்கொண்டிருந்தன. புகை சமையலறையைத் தாண்டிக் கூடத்தை நிறைத்திருந்தது. தறியில் சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை பாதி நெய்திருந்தது. நெய்த பாதியிலும், இனி நெய்வதற்காக நீட்டிக் கட்டியிருந்த பாவு நூல் முழுக்கவும் கரி பொடிப்பொடியாக இறங்கியிருந்தது.

ஈரச் சாக்கைப் போட்டு ஸ்டவ்வை அணைத்தேன். அப்போது கல்யாணமாகாமல் இருந்த என் நாத்தனார் தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். அவள் கண்ணில் பட்டது ஸ்டவ்வும், முழங்கை வரை கரியோடு நின்ற நானும்தான்.

மத்தியானம், பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொன்ன முதலாளி வந்தார். கரியைத் துடைக்கத் துடைக்க இன்னும் இழுகியது. "இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"ஸ்டவ்வுக்குத் திரி போடறேன்னு வீட்ல தெரியாம பட்டு நூலப் போட்டுட்டாங்க."

வீட்ல. எங்கள் பக்கம் ஆம்பிளைகள் பெண்டாட்டி பெயரைச் சொல்வதில்லை. வீட்ல என்றால் பெண்டாட்டி. முதலாளி சந்துப் பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பட்டிக்காட்டுப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளி ஆள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று என்னை வளர்த்திருந்தார்கள். அந்த வளர்ப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

முதலாளி போனதும் கேட்டேன். "வீட்லன்னா வீட்டச் சொன்னேன். உன்ன எங்க சொன்னேன்?" என்றார்.

கரி பிடித்த பாவு நூலை அறுத்து எடுத்தார்கள். வேறு தறியில் வேறு புடவை நெய்து முகூர்த்தமும் நடந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரரும் இவர் பக்கமே பேசினார், என் பெயர்தான் மீளவில்லை. காதுகுத்துக்குப் போனாலும் வளைகாப்புக்குப் போனாலும் "பட்டுல திரி போட்ட மகராசி இதுதானா?" என்று யாராவது முகவாயைப் பிடித்துக் கேட்பார்கள். நாத்தனார் கல்யாணமாகிச் செய்யாறுக்குப் போனாள், கதையும் கூடவே போனது. சுற்றிச் சுற்றித் தேவிகாபுரத்தில் என் அம்மா காதுக்கும் வந்தது. "பொண்ணுக்கு அடுப்புப் பாக்கக்கூட சொல்லித் தரலையான்னு என்னைக் கேக்கறாங்கடி" என்று அம்மா அழுதாள். நடந்ததைச் சொன்னேன். நம்பினாள், ஆனால் அவள் போய் யாரிடம் சொல்வாள்?

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது. அந்த வாரம் நாத்தனார் தன் மாமனார் மாமியாரோடு வந்திருந்தாள். மூலையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஸ்டவ்வைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்த ஸ்டவ்வுலதான் எங்க அண்ணி பட்டுல திரி போட்டாங்க" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பள்ளிக்கூடம் போகிற என் மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "என்னப் பட்டு நூலத் தொடவே கூடாதுன்னு வச்சிருந்த வீடு இது. பத்துத் திரிய யாருங்க திரிச்சது?"

"பழைய கதை இப்ப எதுக்கு?" என்றார்.

"பழைய கதையத்தான் இவ்ளோ நேரம் சொல்லிகினு இருந்தாங்க. மிச்சத்த நீங்க சொல்லுங்க. வீட்லன்னு சொல்லாம சொல்லுங்க."

கையிலிருந்த டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான்தான் போட்டேன்" என்றார்.

நான் அவர்கள் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அதே ஸ்டவ், அதே பட்டு, அதே கதை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாத்தனாரின் மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தறிக்காரனுக்கு ஆயிரம் வேலை. அவசரத்துல ஆயிருக்கும்" என்றார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.