கறுப்புப் பட்டையில் ஓடிய எழுத்து

மக்தலேனா திமிர் பிடித்தவள் என்றுதான் தின்கன்ஜூனில் அந்தத் தெரு முழுக்கப் பேச்சு. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒன்று கேட்டால் வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பதினைந்து வருடமாகப் பாக்டரியில் பெண்பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கிய வாய், வீட்டுக்கு வந்தால் மட்டும் தேனாகவா சொட்டும் என்று பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் நியாயம் பேசுவாள். மக்தலேனா இதை ஒரு நாளும் மறுத்ததில்லை. திமிர்க்காரி என்ற பேர் அவளுக்கு வசதியாகவே இருந்தது. செவிடு என்ற பேருக்கு அது எவ்வளவோ மேல் அல்லவா?

காது ஒரே நாளில் போய்விடவில்லை. லைங் தாயாவில் சட்டை தைக்கும் பாக்டரி. ஒரே கூடத்தில் அறுபது மிஷின் சேர்ந்து ஓடும். முதலில் கோயில் மணி கேட்காமல் போயிற்று. பிறகு குருவிச் சத்தம், பிறகு பெண்களின் குரல். பாக்டரியில் ஒருவருக்கும் தெரியாமல் அவள் போய்ப் பார்த்த டாக்டர், நரம்பு செத்துவிட்டது, இனி திரும்பாது என்று காகிதத்தில் எழுதியே காட்டினார். லாரி போனால் தரை அதிர்வது தெரியும். ஆண்கள் உரக்கப் பேசினால் ஒரு முனகல் எட்டும். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், பாக்டரியில் இது ஒரு குறையே இல்லை. அந்த இரைச்சலில் யாருக்குத்தான் என்ன கேட்கும்? நூல் தீர்ந்துவிட்டால் இரண்டு விரல், ஊசி உடைந்தால் ஒரு விரல், மற்றதெல்லாம் வாயசைவு. கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு பெண் உதட்டை அசைத்தால் இந்தக் கோடியிலிருந்து, அங்கே 'மா லேனா' என்று பேர் பெற்றிருந்த மக்தலேனா பதில் சொல்லிவிடுவாள். அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கியதே அதற்காகத்தான். மாலையில் பாக்டரி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதுதான் அவள் செவிடாவாள்.

வீட்டில் அதற்கென்று சில தந்திரங்களைப் பழகி வைத்திருந்தாள். எதிராளியின் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். பிறரைப் பேசவிடாமல் தானே பேசுவாள். ஒன்றும் பிடிபடாவிட்டால், "ஆமா, அதுவும் சரிதான்" என்று தலையாட்டுவாள். தம்பி ஜெபதாஸ் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பான். அவன் மனைவி ரெபேக்கா பாலர் பள்ளியில் சயாமா, பர்மியப் பேச்சில் டீச்சர். ஓயாமல் பேசுகிற வேலை என்பதால் வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க அலுத்துப்போகும். இப்படி மூன்று பேரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் வருடங்கள் ஓடிவிட்டன.

ஒன்பது வருடம் காத்திருந்த பிறகு ரெபேக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் ஒரு பேர் வைத்தார்கள். கூப்பிடுவது மீமீ என்று. 2009 ஜூனில் பள்ளி திறக்கும்போது மீமீக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். ரெபேக்கா வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

"மதினி, வெளி ஆள் கையில புள்ளைய விட எனக்கு மனசு வரலை. நீங்க பாக்டரிய விட்டுட்டு வீட்டுல இருங்களேன். எங்களுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?" என்று ரெபேக்கா கேட்டாள்.

அதில் ஒரு சொல்லும் மக்தலேனாவுக்குத் தப்பவில்லை. கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு அமையவில்லை. அதைப்பற்றி அவள் புலம்பியதும் இல்லை. ஆனால் மீமீயைத் தூக்கி வைத்துக்கொண்டால் அது அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்க்கும். அதோடு பேச வேண்டிய அவசியம் இல்லை, அது சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பகல் முழுக்க அந்தக் குழந்தை தன்னுடையது என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்து போயிற்று. அழுதால் எனக்குக் கேட்காதே என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் சொல்லவில்லை. "அதுக்கென்ன, பாத்துக்கிட்டா போச்சு" என்றாள்.

அந்த முறை ஊருக்கு வந்த ஜெபதாஸ் ஓர் அகலத்திரை டிவியைக் கொண்டுவந்திருந்தான். கூடவே சிங்கப்பூரில் வாங்கிய அசல் தமிழ்ப் பட டிவிடிகள் ஒரு கட்டு. கரண்ட் முறை வைத்து வந்த காலம். எந்த நேரம் வருகிறதோ அந்த நேரத்துக்கு வீடே டிவி முன்னால் கூடிவிடும்.

அதுவரை மக்தலேனாவுக்குச் சினிமா என்றால் தண்டனைதான். சினிமாவில் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வது நடக்காத காரியம். கதாநாயகி வடக்கேயிருந்து வந்தவளாக இருப்பாள். அவள் உதட்டில் எந்த ஊர்ப் பாஷையோ ஓடும், தமிழை வேறொருத்தி எங்கோ உட்கார்ந்து பேசியிருப்பாள். மற்றவர்கள் சிரித்தால் சிரித்து, அழுதால் மூக்கை உறிஞ்சி ஒப்பேற்றி வந்தாள். இந்த டிவிடிகளில் அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. மிஷன் பள்ளியில் படித்தவள். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா தினமும் இங்கிலீஷ் பேப்பரை வாசிக்க வைத்து வளர்த்தவள். முதல் படத்தில் தகப்பன் செத்துப்போகிற இடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். மக்தலேனா அதற்கு வெகு முன்னாலேயே அழுதுவிட்டாள், இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து சும்மா மழையைப் பற்றிப் பேசிக்கொண்ட இடத்தில். அப்படி ஒரு வெறும் பேச்சைக் கேட்டு அவளுக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வில்லங்கம் டிவியின் அகலத்தில் இருந்தது. அந்த டிவிடிகளெல்லாம் பழைய சதுர டிவிக்காகச் செய்தவை. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில்தான் படம் இருக்கும். அதை அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பு சேர்ந்துகொண்டது. நாலு பக்கமும் இருட்டு, நடுவில் ஒரு சின்னப் படம்.

"பங்களா வாங்கிட்டு அடுப்பங்கரையில குடித்தனம் பண்ற மாதிரியில்ல இருக்கு!" என்றாள் ரத்தினம்மாள்.

ஜெபதாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரிமோட்டைத் தடவிப் பார்த்து, படத்தைப் பெரிதாக்கும் பட்டனைக் கண்டுபிடித்தான். ஒரே அமுக்கில் கறுப்பெல்லாம் ஓடிப்போய்ப் படம் திரை முழுக்க நிறைந்தது. எல்லோரும் கை தட்டாத குறை. கீழ்ப் பட்டையில் ஓடிய எழுத்தும் கறுப்போடு சேர்ந்து போய்விட்டது. வரி இரண்டாக வந்தால் மேல் வரியின் தலை மட்டும் திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. மக்தலேனா அந்த அரை எழுத்துகளைக் கொஞ்ச நேரம் கூட்டிப் படிக்கப் பார்த்துத் தோற்றாள்.

"பழையபடி வை தாஸு. ஆளுக தலை வெட்டுப்படுது" என்றாள்.

"தலை போனா என்னக்கா, மூஞ்சி தெரியுதுல்ல?"

"எழுத்தும் போயிருச்சே."

"நமக்கு எதுக்கு இங்கிலீஷு? தமிழ் கேட்டா புரியாதா நமக்கு?"

"நான் படிச்ச இங்கிலீஷ் மறந்திரக் கூடாதுல்ல" என்று ஒரு சாக்குச் சொன்னாள். அதுவும் அவளுடைய திமிர்க் கணக்கில் சேர்ந்தது. அவன் இருந்த நாளெல்லாம் அக்காவும் தம்பியும் அந்த ஒரு பட்டனுக்காகச் சின்னப் பிள்ளைகள் போலச் சண்டை பிடித்தார்கள். ஏப்ரல் கடைசியில் அவன் கப்பலேறினான். மறுநாளே மக்தலேனா கறுப்புப் பட்டையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவள் தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெபேக்கா கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். குழந்தையைத் தூங்க வைப்பதற்காக அவளேதான் காலையில் டிவியின் சத்தத்தை முழுக்க அடக்கியிருந்தாள். இப்போது மதினி ஊமைப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை என்பதே மக்தலேனாவுக்குத் தெரியாது. ரெபேக்கா எதிரே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள முழிச்சிரும்னு சத்தத்தைக்கூட வைக்காம பாக்குறீங்களே மதினி! பெத்தவ எனக்குக்கூட இந்தப் பொறுமை வராது."

மக்தலேனாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்தபோது உடம்பு கூசியது. உண்மையைச் சொல்ல இரண்டாவது தடவையாக வாசல் திறந்திருந்தது. இந்தத் தடவையும் அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். அன்று ராத்திரி ஜெபத்தில் அந்தப் பாராட்டை நினைத்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள். ரெபேக்காவிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன்னால் சனிக்கிழமைகளில் சயாமாக்களுக்குக் கூட்டம். அந்த நாட்களில் மக்தலேனா பாக்டரிக்கு லீவு போட்டாள், குழந்தை அவள் பொறுப்பு. பயம் இல்லாமல் இல்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். படுக்கையறையில் தொங்கிய தூளியில் பாக்டரி நூலை முறுக்கிக் கட்டி, மறுமுனையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். குழந்தை விழித்துக் கையைக் காலை உதைத்தால் தூளி ஆடும், நூல் இழுக்கும், அவள் ஓடுவாள். முதல் சனிக்கிழமை சரியாக நடந்தது. இரண்டாவதும் நடந்தது. சமாளித்துவிடலாம் என்று அவள் நம்பியே விட்டாள். பாக்டரிக்கு ராஜினாமாக் கடிதத்தை நல்ல இங்கிலீஷில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. குழந்தை தூங்கியது. மக்தலேனா மணிக்கட்டில் நூலைச் சுற்றிக்கொண்டு படத்தைப் போட்டாள். நகைச்சுவைக் காட்சி. பெண் பார்க்க வந்தவன் பெண்ணின் தகப்பனிடமே பெண்ணைப் பற்றிக் கோள் சொல்கிறான். கீழே எழுத்து வரிவரியாக ஓட, அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

பக்கத்து ஜன்னலில் நிழல் ஆடியது. திரும்பினால் ரத்தினம்மாள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. கதவைத் திறந்தவுடன் மக்தலேனாவைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினாள்.

தூளித் துணி முறுக்கிக்கொண்டு குழந்தையின் ஒரு கை முதுகுக்கு அடியில் மாட்டியிருந்தது. உதைத்து உதைத்து ஓய்ந்துபோய், வாயைப் பிளந்தபடி வியர்வையில் நனைந்து கிடந்தது. தூளியில் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்து நூல் தரையில் கிடந்தது. ரத்தினம்மாள் கையை விடுவித்துத் தூக்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டினாள். கையில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"அரை மணி நேரமா புள்ள தொண்டை கிழியக் கத்துது, தெருக்கோடி வரைக்கும் கேக்குது. நீ இங்க உக்காந்து இளிச்சிக்கிட்டு இருக்கே. காது என்ன அவிஞ்சா போச்சு?"

வழக்கமான வசைதான். ஆனால் மக்தலேனாவின் முகத்தைப் பார்த்ததும் ரத்தினம்மாள் பேச்சை நிறுத்தினாள். தரையில் கிடந்த நூலைப் பார்த்தாள், அது அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்ததையும் பார்த்தாள். பிறகு வாயை அகலத் திறந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான்... யாருகிட்டயும்... சொல்ல மாட்டேன். கையில தடம் சாயங்காலத்துக்குள்ள மறைஞ்சிரும்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். மக்தலேனாவுக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

ரத்தினம்மாள் போன பிறகு குழந்தையை மடியை விட்டு இறக்கவேயில்லை. மீமீ எல்லாவற்றையும் மறந்துவிட்டு அவள் தாடையைப் பிடித்து விளையாடியது. தடமும் மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நூலை இரட்டை முடிச்சாகப் போடலாம். டிவியை நிறுத்திவிட்டுத் தூளி முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆயிரம் வழி தோன்றியது. இதே மாதிரி ஆயிரம் வழி தோன்றித்தான் இன்றைக்கு அந்தக் கை துணியில் மாட்டிக் கிடந்தது என்பதும் கூடவே தோன்றியது. அடுப்பில் பால் இருக்கிறது, கொல்லையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பிள்ளை தவழத் தொடங்கினால் எந்த நூலால் கட்டுவாள்?

ஐந்து மணிக்கு ரெபேக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்துச் செய்தியாக இருக்கும்.

"ரெபேக்கா, உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றாள் மக்தலேனா.

எல்லாவற்றையும் சொன்னாள். மணி கேட்காமல் போனதிலிருந்து, ஊமைப் படம், நூல், இன்று மத்தியானம் அரை மணி நேரம் குழந்தை கத்தியது வரை. தன் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லி முடித்துக் குழந்தையின் கையைத் திருப்பி, மிச்சமிருந்த தடத்தைக் காட்டினாள்.

ரெபேக்கா வெடுக்கென்று பிள்ளையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் பேசுகிறாள் என்பது தோள் அசைவிலிருந்து தெரிந்தது. திட்டுகிறாளா, அழுகிறாளா, பரவாயில்லை என்கிறாளா, முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? இந்த மாதிரி இடத்தில்தான் மக்தலேனா "ஆமா, அதுவும் சரிதான்" என்று சொல்லி இத்தனை வருடம் பிழைத்திருந்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு ரெபேக்கா. மொகத்தைப் பாத்தாத்தான் எனக்குப் புரியும்."

ரெபேக்கா திரும்பினாள். கண் கலங்கிச் சிவந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் உதட்டில் நன்றாக விழுந்தது.

"திங்கக்கிழம நீங்க பாக்டரிக்கே போங்க மதினி. புள்ளைக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்."

ஒரு சொல்கூடத் தப்பாமல் அவளுக்குப் புரிந்தது.