சுவரை நகர்த்தியவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், வாசற்படியைத் தாண்டியதும் என் நாத்தனார் கண்களை மூடிக்கொள்வார். வெறுங்காலோடு நாலு எட்டு வைப்பார். பிறகுதான் கண்ணைத் திறப்பார். கல்யாணமாகி காஜா பெராங் பகுதியில் இருந்த இவர்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இதைப் பார்த்த நான், அவருக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்துச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். "தலைசுத்தல் இல்ல தங்கச்சி. கண்ணு முந்திக்கிட்டா மத்தது எதுவும் பேசாது. இங்க எங்க சூடு, எங்க காத்து, காலு எந்தப் பக்கம் போக ஆசைப்படுதுன்னு முதல்ல கேட்டுக்கணும்" என்றார். என் கணவருக்கு அவர் பதினோரு வயது மூத்தவர். கணவர் அழைத்தபடியே நானும் அவரை அக்கா என்றே அழைத்தேன்.

இளம் வயதிலேயே கணவரை இழந்த அக்கா, பக்கத்தில் பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு வெள்ளைக்காரரின் மரச்சாமான் கடையில் திரைச்சீலை தைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். தைத்த திரைகளை மாட்டுவதற்காக அவரைப் பங்களாக்களுக்கு அனுப்புவார்கள். ஒருமுறை ஒரு தோட்டத் துரையின் மனைவி, வரவேற்பறை இருட்டாக இருக்கிறது, புதிய விளக்குகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கா அன்று பிற்பகல் முழுக்க அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து வெளிச்சம் நகர்வதைப் பார்த்தாராம். பிறகு எழுந்து, சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான். விளக்கு விற்காமல் வந்ததற்குக் கடைக்காரரிடம் திட்டு கிடைத்தது. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து, திரையே வேண்டாதவர்களும் அக்காவைக் கேட்டுக் கார் அனுப்பினார்கள். அவர் செய்த வேலைக்கு அப்போது எங்களிடம் பெயர் கிடையாது. கடைப் பதிவில் அவர் தையல்காரி. எங்கள் தெருவில் 'சாமான் நகர்த்துற அம்மா'. இரண்டையும் அவர் பொருட்படுத்தியதில்லை. "நாற்காலிக்கு இடம் தேடுறாங்க எல்லாரும். உட்காரப்போறவங்களுக்கு இடம் தேடினா நாற்காலி தானா வந்து நிக்கும்" என்பார்.

ஜப்பான்காரர்கள் வந்தபோது கடைக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார். கடை மூடிக் கிடந்தது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. கொஞ்ச நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்க்கிறார்கள் என்றார்கள். முதலில் போனவர்கள் மூன்று மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு லோரி ஏறினார்கள். எங்கள் வீட்டு வரிசையிலிருந்தே இரண்டு பேர் போனார்கள். அவர்களிடமிருந்து ஒரு வரிக் கடிதம்கூட வரவில்லை. சாலை வேலைக் குழுவில் இருந்த என் கணவரின் பெயரும் அடுத்த பட்டியலில் இருக்கிறது என்று ஒரு காலையில் தெரிந்தது. ஐந்து நாளில் லோரி வரும்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா எழுந்து எங்கள் படுக்கையறைக்குள் போனார். கண்களை மூடிக்கொண்டு வெறுங்காலோடு அதன் நீளம் முழுக்க நடந்தார். வரிசை வீடு என்பதால் அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. கூரையில் பின்பக்கமாகப் பதித்திருந்த ஒரே ஒரு கண்ணாடி ஓடு வழியாகத்தான் வெளிச்சம். அறையின் பின் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. திரும்பி வந்த அக்கா சொன்னார்: "இந்த ரூம்புல நாலடி யாருக்கும் தெரியாம எடுத்துக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. நீளம் குறைந்தால் வருகிறவனுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "மனுசன் கண்ணு அடிக்கோல் இல்லம்மா. வெளிச்சம் எங்க முடியுதோ அங்கதான் ரூம்பு முடியுதுன்னு நம்பும். இத்தனை வருசம் சின்ன ரூம்பைப் பெருசாக் காட்டித்தானே சம்பளம் வாங்கினேன்?"

நாங்கள் மூன்று பேர்தான் அந்தச் சுவரைக் கட்டினோம். சாமான் பெட்டிகளை உடைத்துப் பலகை எடுத்தோம். பழைய சுவரின் பலகைகளைவிட இவை குறுகலாக இருக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். குறுகலான பலகை தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுமாம். என் கணவர் ஆணி அடிக்கும்போது நான் அடுப்படியில் உரலில் கிழங்கு இடித்தேன். சுத்தியலும் உலக்கையும் ஒன்றாக விழுந்ததால் பக்கத்து வீட்டுக்கு ஒரே சத்தம்தான் கேட்டது. ஒழுக்கு சரிபார்ப்பதாகச் சொல்லி என் கணவர் கூரை ஏறி, கண்ணாடி ஓட்டை நாலடி முன்னால் மாற்றிப் பதித்தார். சாமான் தாழ்ந்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று, கட்டிலின் காலையும் பெஞ்சின் காலையும் அக்கா அரையடி அறுத்தார். தேக்கு அலமாரியை வெளியேற்றினார். சாமி படத்தைப் புதுச் சுவரில் மாட்டி, மூன்று நாள் விளக்கை அணைக்காமல் எரியவிட்டு, அதற்கு மேலே புகைக்கறை படியவைத்தார். எல்லாம் முடிந்ததும் என்னை அழைத்து வாசலில் நிற்கவைத்தார். என்னால் நம்ப முடியவில்லை. அறை முன்பைவிடச் சற்று நீளமாகவே தெரிந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

லோரி வருவதற்கு முந்தின நாள், என் கணவர் ஜோகூருக்கு வேலை தேடிப் போய்விட்டார் என்று தெருவில் சொன்னோம். அடுப்படியில் தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால் இரண்டு பலகைகள் கழன்று வரும். அதன் வழியாகத்தான் அவருக்குச் சாப்பாடு.

மூன்றாம் வாரம் ஒரு நடுப்பகலில் வந்தார்கள். ஓர் அதிகாரி, ஒரு சிப்பாய், மொழிபெயர்க்க நம்மாள் ஒருவர். சிப்பாய் அடுப்படியில் அரிசித் தகரத்தைக் கவிழ்த்தான், கட்டிலுக்கு அடியில் குத்திப் பார்த்தான். அதிகாரி மட்டும் படுக்கையறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கிய வெயில் சாமி படத்தில் விழுந்திருந்தது. ஏதோ சொன்னார்.

"இந்த ரூம்பை யாரு இப்படி அடுக்குனதுன்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பவர்.

"நான்தாங்க" என்றார் அக்கா.

அதிகாரி இன்னும் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தார். "நல்லா மூச்சு விட முடியுதாம் இங்க" என்றார் மொழிபெயர்ப்பவர்.

பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், என் கணவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றார். உள்ளே வந்ததும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் என் கணவர் அங்கே இருந்தார். அவ்வப்போது அடுப்படிக்கு வந்து உட்காருவார், அவ்வளவுதான். ஜப்பான்காரர்கள் சரணடைந்த சேதி வந்த அன்று தெருவே கூச்சல் போட்டது. நான் ஓடிப்போய்ப் பலகையைக் கழற்றிக் கூப்பிட்டேன். அவர் வெளியே வந்து முன்கூடம்வரை நடந்தார். திறந்திருந்த வாசலைப் பார்த்ததும் வியர்த்துக் கொட்டியது. திரும்பிப் போய் அந்த நாலடிக்குள் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் அப்படித்தான். ஒரு மாதம் அப்படியே போனது. சுவரை உடைத்துவிடலாம் என்று நான் அழுதேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த ரூம்பை அவனுக்குப் பண்ணது நான். வெளிச்சத்தைப் புடுங்கிட்டு உக்கார வச்சதும் நான்தான். அவனை ஏன் இழுக்கணும்? சுவரு நகரட்டும்."

வாரத்துக்கு ஒரு சாண். ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா பலகைகளைக் கழற்றி, ஒரு சாண் முன்னால் தள்ளி மறுபடி அடித்தார். என் கணவர் இருந்த இடம் அவரைச் சுற்றி வளர்ந்தது. எங்கள் பக்கம் சுருங்கியது. கண்ணாடி ஓட்டை மறுபடி அவர் தலைக்கு மேலே கொண்டுவந்தார். முதல் சில நாட்கள் அதன் அடியில் மெல்லிய துணி கட்டி, பிறகு துணியை எடுத்தார். அறுத்த கட்டில் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினார். அடுப்படிப் பக்கத் திறப்பு இரண்டு பலகை, பிறகு மூன்று, பிறகு ஆள் நிமிர்ந்து நுழையும் கதவு. எதையும் தம்பியிடம் சொல்லவில்லை; "கொஞ்சம் காலை எடுப்பா" என்பதோடு சரி. வாரக்கணக்கில் ஓர் அறையை ஒரு மனிதனுக்கேற்ப இப்படி வெட்டித் தைத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிற்காலத்தில் அக்கா பெரிய வீடுகளையும் விடுதிகளையும் அமைத்தார். அவர் அமைத்த கூடங்களில் அயலூர்க்காரர்கள் நின்று வியந்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அவருடைய ஆகப் பெரிய வேலை எது என்று எனக்குத் தெரியும். அதை யாரும் பார்க்கவில்லை.

சுவர் அறையின் முன்வாசலை நெருங்கிவிட்டிருந்த ஒரு காலையில், நாங்கள் இருவரும் முன்கூடத்தில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அடுப்படிப் பக்கமிருந்து என் கணவர் வந்து நின்றார். அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"என்னக்கா, இந்த ரூம்பு ரொம்பச் சின்னதா இருக்கு. நான் கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்."

சட்டையை மாட்டினார். ஒரு பட்டனைத் தவறவிட்டுப் போட்டார், நாங்கள் சொல்லவில்லை. படியிறங்கி, சற்று நின்று, வெயிலில் நடந்து போனார். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாப் போகட்டும்" என்றார் என்னிடம். "அவசரமே இல்ல."