கூரைக்குள் ஒரு கயிறு

போன வாரம் செம்பூரில் ஒரு கூரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோயில் கூரை இல்லை… காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டியின் கூரை!

என் தோழி ராஜியின் கணவர் ஒரு தினுசான மனிதர். கார் நிறுத்தவே அடிதடி நடக்கும் ஊரில், சினிமா ஷூட்டிங்குக்கு ஓடித் தேய்ந்த பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்து காம்பவுண்டில் நிறுத்தினார். உள்ளே கட்டில், குட்டி கிச்சன், டிவி. சீலிங்குக்குத் தேக்குப் பலகை அடித்தது அவரே. போன வருடம் காலமாகிவிட்டார்.

இப்போது ராஜி அதில் லோனாவாலா கிளம்புகிறாள். அவர் இல்லாத முதல் பயணம். காரையும் அவளேதான் ஓட்டப் போகிறாள். சிக்கல் என்ன? கூரையில் இருக்கும் டிஷ் ஆண்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் ஒயர் செத்துப்போயிருந்தது.

"டிவி சத்தமாவது வேணும்டி. அவர் குறட்டையும் இல்லாம அங்கே எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

வந்த ஒயர்மேன் மேலே தட்டிப் பார்த்தார். "மேடம், சீலிங் தோட்னா படேகா." சீலிங்கை உடைத்தால்தான் ஆகுமாம்.

"ஹாத் மத் லகானா!" – கையே வைக்காதே – என்று ராஜி போட்ட சத்தத்தில் அவர் கிளம்பியே போய்விட்டார்.

சரி, பாவாடைக்கு நாடா கோர்த்த கைகள்தானே நமக்கு? பழைய நாடாவின் வாலில் புதியதை முடிந்து இழுப்போமே – அதே வித்தை. ஆண்டெனா ஒயர் உள்ளே இறங்கும் கூரை அலமாரிப் பக்கம் நான் நின்று, பழைய ஒயரோடு புது ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினேன். டிவி பக்கமிருந்து அவள் இழுத்தாள்.

பட்! உள்ளேயே எங்கோ அறுந்துவிட்டது. ராஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி அவர் அடித்த பலகையைப் பெயர்ப்பதைத் தவிர வேறு வழி?

டிவிக்கு மேலே ஒயர் வெளிவரும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஓர் ஆணி. ஆணியில் கட்டிய நீல நைலான் கயிறு. மெல்ல அவிழ்த்து அசைத்தாள். இந்தப் பக்கம், அலமாரிக்குள், என் மூக்குக்கு நேராக அதே கயிறு ஆடியது!

ஒயர் ஒருநாள் போகும், யாராவது புதிதாக இழுக்க வேண்டியிருக்கும் என்று யோசித்து, பலகை அடிக்கும்போதே கூட ஒரு கயிற்றையும் போட்டு வைத்திருக்கிறார் மனிதர். எனக்குப் புல்லரித்துவிட்டது. நாமெல்லாம் மூடியதோடு வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள். பிறகு வந்து திறக்கப் போகிறவரை யார் நினைக்கிறோம்?

"இது என் கொடிக் கயிறுடி!" என்றாள் ராஜி. "காணோம்னு அவரோட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன்! வாயைத் திறந்தாரா பாரு…" சிரித்தாள். அழுதாள். எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை.

புது ஒயரைக் கயிற்றில் கட்டப் போனேன். "இருடி" என்று வீட்டுக்குள் ஓடியவள், பால்கனியில் கட்டியிருந்த கொடியையே அறுத்துக்கொண்டு வந்தாள். ஒயர், அதோடு அந்தக் கயிறு – இரண்டையும் சேர்த்துக் கட்டி இழுத்தோம். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. டிவியில் படம் வந்தது.

"ஒயர்தான் வந்துடுத்தே, இன்னொரு கயிறு எதுக்கு?" என்றேன்.

"எனக்கப்புறமும் ஒயர் கெடுமோல்லியோ!"

லோனாவாலா போன மறுநாள் காலையில் போன் செய்தாள். "டிவி பாட்டுக்கு ஓடிண்டிருந்தது. நன்னா தூங்கிட்டேன்."

செம்பூர் வீட்டில் துணியெல்லாம் இப்போது நாற்காலி முதுகில்தான் காய்கிறது.